படியளக்கப்பட்ட அன்பு: 1931இன் ஜெர்மன் பேசும்படம் ஒன்றை முன்வைத்து

1

'மெட்ஷென் இன் உனிஃபார்ம்' (தமிழில் 'சீருடையில் பெண்கள்' என்று வைத்துக்கொள்ளலாம்) 1931 நவம்பரில் பெர்லினில் வெளியான படம். இதைப் பற்றி எழுதியவர்களைப் பெரும்பாலும் இரண்டு கோஷ்டியாகப் பிரித்துவிடலாம். முதல் கோஷ்டிக்கு இது பிரஷ்ய ராணுவ ஒழுக்கத்தை எதிர்த்த படம். ஹிட்லர் பதவிக்கு வருவதற்குப் பதினாலு மாசம் முன்பே அடிக்கப்பட்ட அபாய மணி. 'அதெல்லாம் சரி, அந்தப் பெண்ணின் காதல்?' என்று கேட்டால், 'அது தாயில்லாப் பிள்ளையின் ஏக்கம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். இரண்டாவது கோஷ்டிக்கு இது பெண்ணைப் பெண் நேசித்த கதையைத் திரையில் சொன்ன முன்னோடிப் படம். அவர்களுக்கு ராணுவமும் எக்காளமும் பின்னணித் திரைச்சீலை, அவ்வளவுதான்.

இரண்டு கோஷ்டிக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை இருக்கிறது. காதல் ஒரு பக்கம், அரசியல் இன்னொரு பக்கம். எது முக்கியம் என்று நாம் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. எனக்கு இதில் உடன்பாடில்லை. படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கையில் எனக்குப் படுவது இது: அந்தப் பள்ளிக்கூடம் காதலைத் தடைசெய்யவில்லை. அளந்து கொடுத்தது. நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், படியளந்தது. தடை விழுவது வேறொன்றின் மேல். அது என்ன என்பதைப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

முதலில் கதை. மானுவெலா ராணுவ அதிகாரியின் மகள், பதினாலரை வயசு, அம்மா இல்லை. பிரஷ்ய அதிகாரிகளின் பெண்பிள்ளைகளுக்காக போட்ஸ்டாமில் நடக்கும் உறைவிடப் பள்ளியில் அத்தை கொண்டுவந்து சேர்த்துவிடுகிறாள். எல்லோரும் வெறுக்கும் தலைமையாசிரியை ஒருத்தி. எல்லாப் பிள்ளைகளும் உயிராக இருக்கும் ஆசிரியை ஒருத்தி. அவள் பெயர் எலிசபெத் ஃபொன் பெர்ன்பூர்க். மானுவெலாவும் அவள்மேல் உயிராகிறாள். பள்ளி நாடகம் முடிந்த இரவில், பானத்தின் மயக்கத்தில், அதை எல்லார் முன்னாலும் உரக்கச் சொல்லிவிடுகிறாள். தண்டனை, தனிமைச் சிறை, கடைசியில் மாடிப்படியின் உச்சியில் குதிக்க நிற்கும் பெண். படத்தில் ஒரு ஆண் முகம்கூடக் கிடையாது. ஆனாலும் ஆண்களின் ராணுவம் படம் முழுக்கக் கேட்டுக்கொண்டேயிருக்கிறது. கேட்டுக்கொண்டேயிருக்கிறது என்று யோசித்துத்தான் சொல்கிறேன். ஜெர்மானியப் பேசும்படத்துக்கு அப்போது இரண்டு வயசு. அந்த இரண்டு வயசுக் குழந்தையைக் கொண்டு மதிலுக்கு வெளியிலிருந்து எக்காள ஒலியை உள்ளே வரவழைத்திருக்கிறார் இயக்குநர் லியோன்டினே சாகன்.

2

அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பசி. ராத்திரியில் படுத்துக்கொண்டு சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள். செலவைக் கூட்டக்கூடாது என்கிறாள் தலைமையாசிரியை. பசியும் கட்டுப்பாடும்தான் பிரஷ்யாவை உயர்த்தின, இனியும் அவைதான் உயர்த்தும் என்பது அவளுடைய சித்தாந்தம். நாளைக்கு இவர்கள் சிப்பாய்களைப் பெற்றுத்தர வேண்டிய தாய்மார்கள். அதற்குத் தயார்ப்படுத்துகிற பசி இது. சாப்பாடு மோசம் என்று வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கள்ளத்தனமாக அனுப்பப் பார்க்கிறாள் இல்ஸெ என்கிற துடுக்குக்காரப் பெண். கடிதம் அகப்பட்டுக்கொள்கிறது. தண்டனையாக நாடகத்தில் அவளுக்கிருந்த வேஷம் பறிபோகிறது.

இதே பள்ளியில்தான் தினமும் இரவு இன்னொரு பந்தி நடக்கிறது. படுக்கையறையில் பிள்ளைகள் வரிசையாகக் காத்திருக்கிறார்கள். பெர்ன்பூர்க் ஒவ்வொருத்தியாகக் கடந்துபோய் நெற்றியில் முத்தமிட்டு 'இரவு வணக்கம்' சொல்கிறாள். எல்லோருக்கும் ஒரே அளவு. ஒருத்திக்குக் கூட, ஒருத்திக்குக் குறைய என்பது கிடையாது. பகல் முழுக்க அந்தப் பிள்ளைகள் எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்த ஒரு கணத்துக்காகத்தான். சாப்பாட்டு மேசையையும் இந்தப் படுக்கையறையையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வரிசை, இரண்டிலும் மௌனம், இரண்டிலும் அளவு. ரொட்டியும் முத்தமும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

மானுவெலாவுக்கு முதல்நாள் கொடுக்கப்படும் சீருடை, முன்பு படித்த யாரோ ஒருத்தி போட்டுக் கழித்தது. அதில் ஒரு இதயமும் மூன்று எழுத்துகளும் இருக்கின்றன. அந்த ஆசிரியையின் பெயரெழுத்துகள். பார்த்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு அது பழகிய விஷயம். எனக்கு இந்தப் படத்திலேயே முக்கியமான தடயம் இதுதான். இந்தக் காதல் மானுவெலாவோடு பிறந்ததல்ல. அவளுக்கு முன்னால் ஒருத்தி, அவளுக்கும் முன்னால் எத்தனை பேரோ. சீருடை கைமாறுவதுபோல் காதலும் கைமாறி வந்திருக்கிறது. நிர்வாகத்துக்கு இது தெரியாது என்று யாராவது நம்பினால் அவர்கள் எந்த விடுதியிலும் தங்கிப் படித்ததில்லை என்று அர்த்தம். ஜெர்மன் மொழியில் இதற்கு 'ஷ்வெர்மெரை' என்று ஒரு சொல் உண்டு. நம் பள்ளிகளில் 'அந்த டீச்சர்னா இவளுக்குப் பைத்தியம்' என்கிறோமே, அந்த மாதிரி. வயசுக் கோளாறு, வந்து போய்விடும் என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டு விட்டுவிடக்கூடிய ஒரு பெயர். பெயர் வைத்தாயிற்று, இனி கவலையில்லை.

அதிகாரம் என்றால் 'கூடாது' என்று சொல்வது மட்டும்தான் என்கிற பழைய எண்ணத்தை 1976இல் வெளியான பாலியல் வரலாற்றின் முதல் தொகுதியில் ஃபூக்கோ கேள்விக்குட்படுத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டுப் பள்ளிகளில் பாலியலைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை என்று தோன்றும். ஆனால் வகுப்பறையின் அமைப்பு, மேசையின் வடிவம், படுக்கையறையின் தடுப்பு எல்லாமே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தன என்கிறார். போட்ஸ்டாம் பள்ளியின் நெற்றி முத்தமும் அப்படிப்பட்டதொரு கட்டிட அமைப்புதான். ஆசையை ஒழிப்பது அதன் நோக்கமில்லை. ஆசை பள்ளியின் சுவருக்குள்ளேயே, மணி அடித்தால் தொடங்கி, விளக்கு அணைந்தால் முடிய வேண்டும். அவ்வளவுதான் அது கேட்பது.

3

அளவு மீறுவது எங்கே? மானுவெலாவின் உள்சட்டை கிழிந்திருப்பதைப் பார்க்கிறாள் பெர்ன்பூர்க். தன்னுடைய உள்சட்டை ஒன்றை எடுத்துக் கொடுக்கிறாள். ஒருத்திக்கு மட்டும் தனியாகக் கொடுக்கப்பட்ட பொருள். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுகிறாள். எல்லோரையும் ஒன்றாகத்தான் நடத்தவேண்டும், உனக்கென்று தனியாக எதுவும் செய்ய முடியாது என்று ஆசிரியை விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. பேரேட்டில் கணக்கு இடிக்கத் தொடங்கிவிட்டது.

அடுத்து அந்த நாடகம். ஷில்லரின் 'டான் கார்லோஸ்'. தன் சிற்றன்னையான ராணியைக் காதலிக்கும் இளவரசனின் கதை. ஒரு காலத்தில் அவனுக்கே நிச்சயிக்கப்பட்டிருந்தவள் அவள். இப்போது அப்பாவின் மனைவி. அந்த ராணியின் பெயரும் எலிசபெத். மானுவெலாதான் கார்லோஸ். இளவரசன் உடையில் நின்று, தலைமுறை தாண்டிய, விலக்கப்பட்ட காதலைத் தொண்டை நடுங்கப் பேசுகிறாள். தலைமையாசிரியையும் விருந்தினர்களும் உட்கார்ந்து பார்க்கிறார்கள், பாராட்டுகிறார்கள். யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. ஏனென்றால் அது ஷில்லர்.

இங்கே ஒரு தகவலைச் சேர்க்க வேண்டும். படத்துக்கு மூலம் கிறிஸ்டா வின்ஸ்லோ எழுதிய நாடகம். போட்ஸ்டாமில் இப்படியொரு பள்ளியில் படித்தவர் அவர். 1930இல் லைப்சிக் நகரில் 'வீரன் நெரெஸ்தான்' என்கிற பெயரில் மேடையேறியது. அதில் மானுவெலா ஏற்ற வேஷம் வோல்டேரின் 'ஸாயிர்' நாடகத்திலிருந்து வந்தது. மறு ஆண்டு பெர்லினில் சாகன் அதை 'நேற்றும் இன்றும்' என்ற பெயரில் மேடையேற்றினார். படமாகும்போது வோல்டேர் போய் ஷில்லர் வந்தார். வெறும் ரசனை மாற்றமாக இதை நான் பார்க்கவில்லை. ஜெர்மானியப் பள்ளிகள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய 'செவ்வியல்' பிரதிக்குள்ளேயே, வயசில் மூத்தவளை நோக்கிய, தடுக்கப்பட்ட காதல் உட்கார்ந்திருக்கிறது. பாடத்திட்டமே அதை மனப்பாடம் செய்யச் சொல்கிறது. மேற்கோளாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் பேசலாம்.

நாடகம் முடிந்து பிள்ளைகளுக்குப் பானம் தருகிறார்கள். பழக்கமில்லாத பிள்ளை குடித்துவிட்டு, இன்னும் அந்த இளவரசன் உடையைக் கழற்றாமலே, எழுந்து நின்று பேசுகிறாள். இப்போது ஷில்லரின் வரியில்லை, சொந்த வாய். அந்தச் சட்டையை அவள் எனக்குக் கொடுத்தாள், நான் அதை உடுத்தியிருக்கிறேன், அவளுக்கு என்மேல் அன்பிருக்கிறது என்று அறிவிக்கிறாள். உள்ளே வந்து நிற்கும் தலைமையாசிரியைக்கு இதுதான் 'மானக்கேடு'. கொஞ்சநேரத்துக்கு முன்னால் அதே வாயிலிருந்து வந்த அதே உணர்ச்சிக்குக் கைதட்டியவள்தான் அவளும்.

ஆக, தடை உணர்ச்சியின் மேல் இல்லை, உரத்துச் சொன்னதன் மேல்தான். பெறுகிறவள் பெற்றதைத் தன்னுடையதென்று உரிமை கொண்டாடியதன் மேல். பந்தியில் வாங்கிச் சாப்பிடலாம். 'எனக்குப் பசிக்கிறது' என்று எழுதிய இல்ஸெ தண்டிக்கப்பட்டாள். 'நான் நேசிக்கிறேன்' என்று சொன்ன மானுவெலாவும் தண்டிக்கப்பட்டாள். இரண்டும் ஒரே குற்றம்தான். இங்கே காதல் எங்கே முடிகிறது, அரசியல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

மதிலுக்கு வெளியே நிலைமை வேறு என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் தண்டனைச் சட்டத்தின் 175ஆம் பிரிவு ஆணை ஆண் நேசிப்பதைத்தான் குற்றமாக்கியது. பெண்களைப் பற்றி அதில் பேச்சே கிடையாது. 1994இல் அந்தப் பிரிவு முழுசாக நீக்கப்படும்வரைக்கும் இல்லை. தண்டிக்கும் அளவுக்குக்கூட அவர்களை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பெர்லினில் பெண்களை நேசித்த பெண்களுக்கு விடுதிகள் இருந்தன, 'தோழி' என்ற பெயரில் 1924 முதல் 1933 வரை பத்திரிகையே வந்தது. சட்டத்தில் இல்லாத சொல் தெருவில் இருந்தது. மானுவெலாவின் குற்றம், தெருவின் சொல்லைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததுதான்.

4

சரி, பெர்ன்பூர்க் யார்? இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். இந்தப் படத்தைக் கொண்டாடுகிறவர்கள் அவளை விடுதலையின் தேவதையாக்கிவிடுகிறார்கள். இதைத் தொந்தரவு செய்தவர் பி. ரூபி ரிச். 1981இல் அவர் எழுதிய கட்டுரை, நான் முதலில் சொன்ன இரண்டு கோஷ்டிகளிலும் அடங்காதது. அடக்குமுறையின் இரண்டு முகங்களில் ஒன்று தலைமையாசிரியை; மற்றொன்று பெர்ன்பூர்க் என்றார் அவர். 1965இல் மார்க்யூஸ் பேசிய 'ஒடுக்கும் சகிப்புத்தன்மை' என்ற கருத்தாக்கத்தை அவள்மேல் பொருத்திக் காட்டினார். பிள்ளைகளின் ஆசையை உறிஞ்சிக்கொண்டு அவர்களை ஒழுங்குக்குள் வைத்திருக்கிறவள் அவள்தான். மிரட்டலால் முடியாத இடத்தில் முத்தம் வேலை செய்கிறது.

இதை நான் இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். மானுவெலாவாக நடித்த ஹெர்த்தா தீலேவும் பெர்ன்பூர்காக நடித்த டொரோதியா வீக்கும் 1908இல் பிறந்தவர்கள். வீக் ஜனவரியில், தீலே மே மாதத்தில். நாலு மாசம்தான் வித்தியாசம். நாம் திரையில் பார்க்கும் 'தலைமுறை' ஏறக்குறைய முழுக்க முழுக்கத் தயாரிக்கப்பட்டது. இறுக்கிச் சீவிய கொண்டை, கழுத்துவரை மூடிய கறுப்பு உடை, நிமிர்ந்த முதுகு ஒரு பக்கம். கோடுபோட்ட சீருடை, கலைந்த முடி மறுபக்கம். 1958இல் இதே கதையை மறுபடி எடுத்தபோது லில்லி பால்மருக்கும் ரோமி ஷ்னைடருக்கும் நிஜமாகவே இருபத்துநாலு வருஷ இடைவெளி இருந்தது. 1931இன் படம், அறிந்தோ அறியாமலோ, ஒரு உண்மையைச் சொல்லிவிட்டது. தலைமுறை என்பது வயசு மட்டுமில்லை, பதவி.

இதனால் விஷயம் எளிதாகிவிடவில்லை, இன்னும் கடுமையாகிறது. 'ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதானே, விடுங்க' என்று நான் சொல்லவரவில்லை. கதைக்குள் அவள் குழந்தை. மற்றவள் கையில் மதிப்பெண், தண்டனை, உள்சட்டை, இரவு முத்தம் எல்லாம் இருக்கின்றன. படியளக்கிற கையை நேசிப்பதைத் தவிர அந்தப் பிள்ளைக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. அந்த இரவு வரிசையில் மானுவெலாவிடம் வரும்போது மட்டும் நெற்றி என்கிற நியதி தவறிப்போகிறது. படம் அதைக் கனிவோடு பார்க்கிறது. எனக்கு அந்தக் கனிவோடு போக முடியவில்லை. பெரியவளின் பொறுப்பு அங்கே கைவிடப்படுகிறது. விலக்கப்பட்ட காதல் என்றாலே விடுதலை என்று எழுதிவிடுகிற பழக்கம் நம் எழுத்தாளர்களிடமும் இருக்கிறது. கொடுக்கும் இடத்தில் இருப்பவர் யார், மறுக்க முடியாத இடத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வியை எந்தக் காதலும் தள்ளுபடி செய்துவிட முடியாது.

மானுவெலா தனிமைப்படுத்தப்பட்ட பிறகு அவளிடம் ரகசியமாகப் பேச வரும் பெர்ன்பூர்க், என்னை நீ இப்படி நேசிக்கக்கூடாது, இதிலிருந்து நீ குணமாக வேண்டும் என்கிற தொனியில்தான் பேசுகிறாள். வியாதியின் மொழி. தலைமையாசிரியை பாவத்தின் மொழியில் பேசினாள், இவள் மருத்துவத்தின் மொழியில். பின்னால்தான் தலைமையாசிரியையின் முகத்துக்கு நேரே, நீங்கள் பாவம் என்பதை நான் அன்பு என்கிறேன், அதற்கு எத்தனையோ வடிவங்கள் உண்டு என்று அவள் சொல்கிறாள். வேலையையும் விடத் தயாராகிறாள். நல்லது. ஆனால் அது பெரியவர்களின் அறையில் நடக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறாள்.

5

அவளை யார் காப்பாற்றினார்கள்? இதைக் கேட்கிறவர்கள் குறைவு. பெர்ன்பூர்க் காப்பாற்றவில்லை. அவளோடு பேசக்கூடாது என்று உத்தரவிடப்பட்ட சக மாணவிகள்தான். அவளைக் காணோம் என்று தெரிந்ததும் 'மானுவெலா, மானுவெலா' என்று கத்திக்கொண்டு கட்டிடம் முழுக்க ஓடுகிறார்கள். அதுவரை கிசுகிசுப்பும் மணியோசையும் பிரார்த்தனையும் மட்டுமே கேட்ட சுவர்களில் ஒரு பெயர் மோதித் திரும்புகிறது. உரத்துப் பேசியதுதானே குற்றம்? இப்போது பள்ளியே அந்தக் குற்றத்தைச் செய்கிறது. பேசும்படம் என்கிற புதிய கருவியை இதைவிட அரசியலாகப் பயன்படுத்திய காட்சி அந்த வருஷங்களில் அதிகமில்லை.

வின்ஸ்லோவின் நாடகத்தில் இந்தப் பெண் செத்துப்போகிறாள். 1933இல் அவர் எழுதிய நாவலிலும் சாகிறாள். படத்தில் மட்டும் பிழைக்கிறாள். சமரசம், சந்தோஷ முடிவு என்று இதைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலிருந்து கீழே வழங்கப்பட்ட அன்பு அவளைப் படிக்கட்டின் உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பிள்ளைகளின் அன்பு அவளை இறக்கிக்கொண்டுவந்தது. ஆசிரியைக்கும் மாணவிக்குமான காதல்கதை என்று சொல்லப்படும் படத்தின் கடைசிச் சொல், மாணவிகளுக்கு இடையிலான தோழமையிடம் இருக்கிறது.

6

தணிக்கைக்காரர்களைப்போல் நுணுக்கமான வாசகர்கள் கிடைக்கமாட்டார்கள். அமெரிக்காவில் முதலில் அனுமதி மறுத்தார்கள். 1932இல் வெட்டுகளோடு விட்டார்கள். எதை வெட்டினார்கள்? அன்பின் பல வடிவங்களைப் பற்றி பெர்ன்பூர்க் சொல்லும் பதிலை. வகுப்பில் மானுவெலா ஆசிரியையைப் பார்க்கும் முகத்தை. பசி இருக்கலாம், தலைமையாசிரியை இருக்கலாம், பிரஷ்யக் கொடுமை தாராளமாக இருக்கலாம். பள்ளி செய்ததைத்தான் தணிக்கையும் செய்தது.

1947இல் க்ராக்கவர் தன் புகழ்பெற்ற நூலில், இந்தப் படம் ஒழுக்கத்தை எதிர்க்கவில்லை, அதை மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்கிறது, அவ்வளவுதான் என்று குறைபட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவரும் காதலை ஓரமாக வைத்துவிட்டுத்தான் அந்த முடிவுக்கு வருகிறார். நம் இயக்கங்களிலும் இது தெரிந்த கதை: முதலில் பெரிய பிரச்சினை, 'அந்த' விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்பது வருவதேயில்லை.

படமெடுத்தவர்களின் கதையும் இதே கோட்டில்தான் பிரிகிறது. நடிகர்களும் தொழில்நுட்பக்காரர்களும் சம்பளத்துக்குப் பதில் பங்கு என்று கூட்டுறவு முறையில் எடுத்த படம் அது. படத்தின் கலை மேற்பார்வையாளர் கார்ல் ஃப்ரோலிஷ் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். 1939இல் அரசின் திரைப்பட அமைப்புக்கே தலைவரானார். நாஜிகளோடு ஒத்துழைக்க மறுத்த ஹெர்த்தா தீலே 1936இல் தொழிலிலிருந்து விலக்கப்பட்டு மறு ஆண்டு சுவிட்சர்லாந்து போனார். யூதரான சாகன் ஜெர்மனியை விட்டு இங்கிலாந்துக்கும், பிறகு தென்னாப்பிரிக்காவுக்கும் போய் நாடகம் செய்தார். வின்ஸ்லோவின் முடிவு கொடுமையானது. பிரான்சில் வாழ்ந்த அவரையும் அவருடைய துணைவி சிமோன் ஜான்தேயையும் 1944 ஜூனில் க்ளுனி ஊருக்கருகே காட்டில் நான்கு பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். உளவாளிகள் என்று நினைத்துச் சுட்டோம் என்றார்கள். 1948இல் விடுதலையும் ஆனார்கள். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்ந்ததற்கு 'உளவு' என்பதைத் தவிர வேறு சொல் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

படத்தின் கடைசிக் காட்சியில் தலைமையாசிரியை ஒன்றும் பேசாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு படியிறங்கி நீண்ட தாழ்வாரத்தில் நடந்து போகிறாள். வெளியே எக்காளம் ஊதுகிறது. அவள் வேலையை விடவில்லை, பள்ளி மூடப்படவில்லை, நாளைக்குக் காலையிலும் மணி அடிக்கும். படம் வெளியாகிப் பதினாறு மாசத்தில், 1933 மார்ச் 21 அன்று, அதே போட்ஸ்டாமின் காவற்படைத் தேவாலயத்தில் ஹிண்டன்பூர்குக்கு முன்னால் ஹிட்லர் தலைகுனிந்து நின்றார். பழைய பிரஷ்யாவும் புதிய ஆட்சியும் ஊரறியக் கைகோத்துக்கொண்டன. அந்த ஆண்டிலேயே 'தோழி' பத்திரிகை நிறுத்தப்பட்டது. பெயரைச் சொல்லிக் கத்தப் பழகிய அந்தப் பிள்ளைகள் படிக்கட்டில் நிற்கிறபோதே படம் முடிந்துவிடுகிறது. அவர்களில் எத்தனை பேர் மறுநாள் மறுபடி வரிசையில் போய் நின்றிருப்பார்கள் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.